அக்கரையில் ஒரு சண்டை

போன வருடம் பள்ளி விடுமுறையின்போது, பத்தாங் காலிக்கு மேலே உள்ள ஒரு காட்டாற்றில் நடந்தது இது. எங்கள் வீடு புக்கிட் செந்தோசாவில். நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். என் கணவர் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறார். இருவருமே பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் பிறந்து வளர்ந்தவர்கள். அங்கே தரை தட்டையாகக் கிடக்கும். கிழக்கே மலை நீலமாகத் தெரியும். அதில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று எங்கள் இரண்டு வீட்டிலும் யாரும் நினைத்ததில்லை.

என் கணவருக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி என்று தெரிந்த பிறகு டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். எங்கள் குடியிருப்புத் தாமானையே சுற்றிச் சுற்றி வந்ததில் அவருக்கு அலுத்துவிட்டது. என்னோடு வேலை செய்யும் பெண்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் மலை ஏறப் போவார்கள். எங்களைப் போன்ற புது ஆட்களுக்கு எந்த இடம் சரிப்படும் என்று அவர்களிடம் கேட்டேன். ஓர் இடத்தில் கயிறு பிடித்து ஏற வேண்டும், இன்னோர் இடத்துக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். கடைசியாக ஓர் அருவியைச் சொன்னார்கள். பெரிய ஏற்றம் கிடையாது, காலையில் போனால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். எனக்கு அது போதும் என்று தோன்றியது. வழியில் ஆற்றைக் கடக்க வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. அப்படி ஒன்றைக் கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது.

தண்ணீர், நாசி லெமாக், தொப்பி, பிளாஸ்டர் எல்லாம் எடுத்து வைத்தேன். கம்பெனி விளையாட்டுப் போட்டிக்கு வாங்கிய சப்பாத்து பல வருடமாகப் பெட்டியிலேயே இருந்தது. புதுசு போலப் பளபளவென்று இருந்ததால் அதையே போட்டுக்கொண்டேன். துணி துவைத்து, மகளுக்குச் சமைத்து வைத்துக் கிளம்பியதில் நேரமாகிவிட்டது. நாங்கள் ஏறும்போதே பலர் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

அருவி நன்றாகத்தான் இருந்தது. என் கணவர் குளிர்ந்த தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது. வந்தது வீண் போகவில்லை என்று நினைத்தேன்.

திரும்பும் வழியில் என் சப்பாத்தின் அடிப்பாகம் பிய்ந்து தொங்க ஆரம்பித்தது. பிளாஸ்டிக் பையைக் கிழித்து அவர் இறுக்கிக் கட்டிவிட்டார். நொண்டி நொண்டி நடந்து கடைசியாக, போகும்போது ஆற்றைக் கடந்த அதே இடத்துக்கு வந்தோம். தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். அடியில் கிடந்த கல்லெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பைகளை முதலில் அக்கரையில் வைத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்து அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் இறங்கினார். நான் ஒரு தட்டைப் பாறையில் உட்கார்ந்துகொண்டேன்.

அக்கரையில் ஒரு மலாய்த் தம்பதி சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வயதுதான் இருக்கும். என் கணவர் பைகளை வைத்துவிட்டுத் திரும்பி ஒரு காலைத் தண்ணீரில் வைத்தார். அப்போது அந்த மனிதர் சட்டென்று எழுந்து ஓடி வந்து, பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

என் கணவர் உதறினார். அந்த ஆள் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். இருவரும் மணலில் விழுந்து புரண்டார்கள். என் கணவரின் முழங்கை அந்த ஆளின் வாயில் பட்டதைப் பார்த்தேன். அப்போதும் அவர் விடவில்லை. ஆற்று இரைச்சலில் ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை. பைகளுக்காகத்தான் இந்த அடிதடி என்று நினைத்துவிட்டேன். கத்திக்கொண்டே ஒரு கல்லை எடுத்தேன். ஆற்றில் இறங்கப் போனேன்.

அந்த ஆளின் மனைவி என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் மேலே மேலே வீசினார். என்னைத் துரத்துகிறாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் அந்த முகத்தில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. அடுத்து அவர் கை காட்டிய ஆற்றின் மேல்பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

தெளிவாக இருந்த தண்ணீர் பால் கலந்த தே தாரிக் நிறத்துக்கு மாறியிருந்தது. சருகும் சுள்ளியும் திரள் திரளாக மிதந்து வந்தன. எங்கள் தலைக்கு மேலே நல்ல வெயில், ஒரு சொட்டு மழை இல்லை. ஆனால் மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது. பாரம் ஏற்றிய லோரி செம்மண் சாலையில் இறங்கி வருவதுபோல, காதுக்கு முன் காலுக்குத் தெரிந்தது அந்தச் சத்தம்.

கல்லைப் போட்டுவிட்டு, வேர்களைப் பிடித்துக்கொண்டு கரையில் ஏறினேன். சப்பாத்து ஒன்று எங்கே போனதென்று தெரியவில்லை. மேலே போய்த் திரும்பிப் பார்த்தபோது நான் உட்கார்ந்திருந்த பாறையைக் காணோம். வேரோடு பிடுங்கிய ஒரு மரம் நடு ஆற்றில் உருண்டு போனது. அவர் என்னிடம் வந்துகொண்டிருந்தால் அந்த இடத்தில்தான் இருந்திருப்பார். அக்கரையில் என் கணவர் அந்த மனிதரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு காத்திருந்தோம். நான் ஒரு கரையில் தனியாக, அவர்கள் மூவரும் மறுகரையில். என் கைப்பேசியும் சாப்பாடும் அந்தப் பக்கத்துப் பைகளில். என் கணவர் நாசி லெமாக் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டி, என்ன செய்வதென்று கையை விரித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் அவருக்கு மயக்கம் வரும். வாயில் போடுவதுபோல நான் சைகை செய்தேன். அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். கடைசியில் அந்த மலாய்க்காரப் பெண்தான் பொட்டலத்தைப் பிரித்து அவர் கையில் வைத்துச் சாப்பிட வைத்தார்.

அவர்கள் நினைத்திருந்தால் எப்போதோ வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அந்த மனிதர் கரையோரம் ஒரு குச்சியை நட்டு, தண்ணீர் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். காட்டுக்குள் வெளிச்சம் மங்கத் தொடங்கியது. நல்லவேளையாகக் கற்கள் ஒவ்வொன்றாகத் தலை காட்ட ஆரம்பித்தன. இரண்டு ஆண்களும் ஒரு நீளமான கிளையைப் பிடித்துக்கொண்டு வந்து, என்னை நடுவில் விட்டு அழைத்துப் போனார்கள். கரையேறியதும் அந்தப் பெண் ஒரு துண்டை எடுத்து என்மேல் போர்த்தி, பிளாஸ்கிலிருந்து சூடாக மைலோ ஊற்றிக் கொடுத்தார். அவ்வளவு ருசியான மைலோவை நான் குடித்ததே இல்லை.

மலை உச்சியில் மழை கொட்டினால் கீழே வெயில் அடிக்கும்போதே இப்படி வெள்ளம் பாய்ந்து வருமாம். மலாயில் அதைக் கெப்பாலா ஆயர் என்பார்கள். இலை மிதந்து வந்ததைப் பார்த்துத்தான் அந்த மனிதருக்குப் புரிந்திருக்கிறது. விளக்கிச் சொல்ல நேரமில்லை, அதனால் பிடித்துவிட்டார். அவர் உதடு வீங்கியிருந்தது. என் கணவர் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார்.

அவர் மலாயில் சொன்ன பதில் இது: "அண்ணன் அடிச்சது பரவால்ல. நான் விட்டிருந்தா, அக்கா முகத்த எப்படிப் பார்க்கிறது?"

காருக்குள் ஏறியதும் என் கணவர் மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "நம்ம பக்கத்து ஆறு சொல்லிட்டுத்தான் ஏறும் லா. இது சொல்லவே இல்லையே" என்றார்.

"சொல்லுச்சுங்க. நமக்குத்தான் வெளங்கல" என்றேன்.

இப்போதும் மலைக்குப் போகிறோம். எந்த இடமானாலும் வழியில் ஆறு உண்டா என்றுதான் முதலில் கேட்கிறேன். விடியும்போதே கிளம்பிவிடுகிறோம். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போகிறோம். மலை உச்சியில் மேகம் கறுத்திருந்தால் பாதி வழியானாலும் திரும்பிவிடுகிறோம். அவர் ஒரு முறைகூட முணுமுணுத்ததில்லை.

வீட்டில் எதற்காவது கோபித்துக்கொண்டு நான் அவரோடு பேசாமல் இருக்கும் நாள்களில், முன்பின் தெரியாத ஒருவர் அடி வாங்கிக்கொண்டும் விடாமல் பிடித்து எனக்குத் திருப்பிக் கொடுத்த ஆள் இவர் என்ற நினைப்பு வந்துவிடும். அதற்குப் பிறகு எனக்குக் கோபம் நிற்பதில்லை.