சுவரில் இரண்டு ஆறுமுகம்

1. ஞாயிற்றுக்கிழமை போன்

"சார், நான் டெல்லிக்கு வந்துட்டேன். நாளைக்குக் காலையில எங்க வீட்டுக்காரர் பேரைக் காட்டுறீகளா?"

ஜனக்புரி வீட்டின் பால்கனியில் நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த நேரம். பேசியவர் ராஜாத்தி. சாத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கணவர் ஆறுமுகம் ராணுவத்தில் நாயக்காக இருந்து எல்லையில் இறந்துபோனவர். டெல்லியில் உள்ள தேசியப் போர் நினைவகத்தில், இறந்த வீரர்களின் பெயர்களைக் கல் கல்லாகப் பொறித்து வைத்திருக்கிறார்கள். ராஜாத்தி கேட்டுக்கொண்டபடி அங்கே போய், 'நாயக் ஆறுமுகம்' என்றிருந்த கல்லைப் படமெடுத்து ஒன்றரை வருடத்துக்கு முன் அனுப்பியிருந்தேன்.

நான் அனுப்பியது அவர் கணவரின் பெயர் இல்லை. அதே பெயரும் அதே பதவியும் கொண்ட வேறொருவருடையது. இது எனக்கு நாலு மாதமாகத் தெரியும். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

"தாராளமா வாங்கம்மா. பத்து மணிக்கு கேட்ல நிக்கிறேன்" என்றேன்.

அச்சில் வந்த செய்திக்கு மறுப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது முப்பது வருட நிருபருக்குத் தெரியும். மறுப்பு சொல்ல வேண்டியவரே நன்றி சொல்லிவிட்டு ரயிலேறி வந்துவிட்டால் என்ன செய்வது என்று எந்த எடிட்டரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

2. பெயர் டூட்டி

தமிழ்ப் பத்திரிகையின் டெல்லி பீரோ செய்தி அனுப்பும் இடம் என்று சென்னை டெஸ்க் நினைக்கும். வாசகர்கள் அப்படி நினைப்பதில்லை. டிக்கெட் கன்ஃபர்ம் ஆகவில்லை, பார்லிமென்ட் பார்க்கப் பாஸ் வேண்டும், பெரிய ஆஸ்பத்திரியில் டோக்கன் எப்படி வாங்குவது என்று எல்லாவற்றுக்கும் பீரோவுக்குத்தான் போன் வரும். நினைவகம் திறந்த பிறகு இந்தப் பட்டியலில் இன்னொன்று சேர்ந்தது. எங்கள் மாவட்ட நிருபர் ஒருவர் முதலில் கேட்டார். "அண்ணே, எங்க ஊர்க்காரர் ஒருத்தர் பேர் அங்க சுவத்துல இருக்காம். ஒரு போட்டோ அனுப்புங்களேன், அவங்க அண்ணன் கேக்குறார்." அனுப்பினேன். அவர் அதை உள்ளூர்ப் பக்கத்தில் சின்னதாகப் போட்டுவிட்டார். அடுத்த வாரம் ஒன்பது கடிதங்கள் வந்தன.

பீரோ சீஃப் தஞ்சாவூர்க்காரர். கடிதக் கட்டை என் மேசையில் போட்டுவிட்டுச் சொன்னார்: "ஏன்யா, நீ ரிப்போர்ட்டரா, கல்வெட்டு ஆபீசரா?"

"காலையில ஒரு மணி நேரம்தான் சார். பதினோரு மணி பிரஸ் பிரீஃபிங்குக்குப் போயிடுவேன்."

"போ. ஆனா அங்கேருந்து ஸ்டோரி கிடைச்சா முதல்ல எனக்குச் சொல்லு."

அப்படித்தான் 'பெயர் டூட்டி' என்று பீரோவில் ஒரு சொல் புழக்கத்துக்கு வந்தது. வேலை எளிதுதான். நினைவகத்தின் நடுவில் அணையாத சுடர் இருக்கிறது. அதைச் சுற்றி வட்டம் வட்டமாகச் சுவர்கள், நடுநடுவே புல்வெளி, கடைசி வட்டத்தில் மரங்கள். பெயரைத் தட்டினால் எந்தச் சுவர், எந்த வரிசை என்று காட்டும் தொடுதிரை ஒன்றும் உண்டு. ஒவ்வொரு கல்லிலும் பதவி, பெயர், பிரிவு என்று மூன்று வரி இருக்கும். வெயில் ஏறினால் பொன் எழுத்து படத்தில் வெளுத்துவிடும், அதனால் பத்து மணிக்குள் எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் சாய்ந்து நின்றால் என் நிழல் விழாது. இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொள்ளாத ஒன்று பாக்கி இருந்தது.

3. பெயரைப் பார்த்ததும் நின்றேன்

ராஜாத்தி அம்மாவின் கடிதம் இரண்டு பக்கம். மாவட்ட நிருபர் அதை இரண்டு படங்களாக வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். முதல் பக்கத்தில் பெயரும் பதவியும் இருந்தன. எனக்கு அது போதும் என்று தோன்றியது. இரண்டாவது படத்தைத் திறக்கவில்லை.

அன்று தொடுதிரை முன்னால் ஒரு பள்ளிக்கூடமே நின்றது. காத்திருந்தால் பிரீஃபிங் போய்விடும். சுவர் ஓரமாகவே நடந்து தேடினேன். பத்து நிமிடத்தில் 'நாயக் ஆறுமுகம்' கண்ணில் பட்டது. அதிர்ஷ்டம்தான் என்று நினைத்துப் படமெடுத்து அனுப்பிவிட்டு மெட்ரோவைப் பிடித்தேன். மறுநாள் அந்த அம்மா போன் செய்து, "படம் வந்துச்சு சார், ஃபிரேம் போட்டுப் பூ வைக்கணும், ரொம்ப நன்றி" என்றார். குரலில் ஒரு குறையும் இல்லை.

ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து, வேறொருவர் பெயரைத் தேடி இன்னொரு சுவருக்குப் போனேன். அங்கே இன்னொரு 'நாயக் ஆறுமுகம்' இருந்தது. கீழே பிரிவு மட்டும் வேறு. நான் அனுப்பியது இன்ஜினியர்ஸ் பிரிவு. இது சிக்னல்ஸ். அங்கேயே புல்வெளி ஓரத்தில் உட்கார்ந்து போனில் பழைய செய்திகளைப் பின்னோக்கித் தள்ளி, திறக்காமல் விட்டிருந்த அந்த இரண்டாவது படத்தைத் திறந்தேன். முதல் வரியே 'என் வீட்டுக்காரர் சிக்னல்ஸில் இருந்தார்' என்று தொடங்கியது.

மறுநாளே சொல்லியிருக்கலாம். பேப்பரில் தவறு வந்தால் 'திருத்தம்' என்று போட்டு, வருந்துகிறோம் என்று முடித்துவிடுவோம். இரண்டு வரிக்கு மேல் போகாது. ஒரு பெண் பூ வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கும் படத்துக்குத் திருத்தம் எழுத எனக்குக் கை வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நாலு மாதம் ஓட்டினேன்.

4. கேட்டிலிருந்து சுவர் வரை

பிப்ரவரி மாதம். டெல்லியைக் குறை சொல்ல முடியாத ஒரே மாதம் அது. துவாரகாவிலிருந்து டாக்ஸியில் வந்து இறங்கினார்கள், ராஜாத்தி அம்மாவும் மகன் பிரபுவும். பிரபுவுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். விமான நிலைய கார்கோவில் ஷிஃப்ட் வேலை. ஏழு வருடமாக டெல்லியில், துவாரகாவில் இருக்கிறார்.

"நீங்க இதுக்கு முன்னாடி உள்ள வந்திருக்கீங்களா?" என்று பிரபுவிடம் கேட்டேன்.

"இந்தப் பக்கமா போயிருக்கேன் சார். உள்ள வர டைமே கிடைக்கல" என்று சொல்லிவிட்டு டாக்ஸிக்காரரிடம் திரும்பினார். "பையா, ஆகே ருக்னா" என்று முன்னால் போய் நிற்கச் சொன்னார்.

பாதுகாப்புச் சோதனையில் அந்த அம்மாவின் பையைத் திறக்கச் சொன்னார்கள். தண்ணீர் பாட்டில், மூக்குக்கண்ணாடிக் கூடு, துண்டில் சுற்றிய சதுரமான ஏதோ ஒன்று. துண்டைப் பிரித்தால், நான் எடுத்து அனுப்பிய படம், ஃபிரேம் போட்டு. கண்ணாடி மேல் காய்ந்த சந்தனப் பொட்டு.

"யே க்யா ஹை, மாதாஜி?" என்று ஃபிரேமைக் காட்டிக் கேட்டார் காவலர்.

"சார் எடுத்த போட்டோ" என்று தமிழிலேயே சொல்லி, விரலால் என்னைக் காட்டினார். காவலர் என்னைப் பார்த்தார். நான் மரங்களைப் பார்த்தேன்.

உள்ளே நடந்தோம். மரங்கள் வரிசை பிசகாமல் நின்றன. காவல் நிற்கும் வீரர்களின் அடையாளமாக நட்டவை என்று விளக்கினேன். "மரத்துக்கும் டியூட்டி போட்டுட்டாகளா!" என்று அந்த அம்மா சிரித்தார். ஒரு மரத்தின் அடியில் தோட்டக்காரர் குழாய் பிடித்துக்கொண்டிருந்தார். ராஜாத்தி அம்மா நின்று, பாத்தியில் தண்ணீர் கடைசி வரை ஓடுகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார். நான் மனதுக்குள் திருத்தத்தை எழுதிக்கொண்டே வந்தேன். மூன்று வடிவம் எழுதி மூன்றையும் அடித்தேன். சுவர் நெருங்கிவிட்டது. இன்னும் இருபது அடி போனால் என் பொய்யை நானே காட்ட வேண்டியிருக்கும்.

"அம்மா, அங்க போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். நான் அனுப்பின படம் தப்பு. அது உங்க வீட்டுக்காரர் பேர் இல்ல. அது வேற ஆறுமுகம்."

அவர் நடையை நிறுத்தவில்லை.

"யாரு, இன்ஜினியர்ஸ் ஆறுமுகமா?"

நான்தான் நின்றுவிட்டேன்.

"தெரியுமா உங்களுக்கு?"

"பாத்த அன்னைக்கே தெரியும். பென்ஷன் ஆபீசுக்கு நடக்க ஆரம்பிச்ச நாள்லருந்து சிக்னல்ஸ், சிக்னல்ஸ்னு எழுதிக் கை தேஞ்சு போச்சு. எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏம்மா சொல்லல?"

மகனைக் கண்ணால் காட்டினார். "சரியான படம் அனுப்பியிருந்தீகன்னா இதே மாதிரி மாட்டிக் கும்பிட்டிருப்பேன். அத்தோட முடிஞ்சிருக்கும். என்னைய யாரு இங்க கூட்டியாந்திருப்பா? இவன்கிட்ட மே மாசம் கேட்டா வெயிலும்பான். ஆகஸ்டுல கேட்டா ரோடெல்லாம் தண்ணி நிக்கிதும்பான். நவம்பர்ல புகை. ஜனவரியில குளிரு. இந்த ஊர்ல மனுசன் எந்த மாசந்தான்யா இருக்கான்?"

"அம்மா, சார் முன்னாடி ஏம்மா..." என்றார் பிரபு.

"சார் முன்னாடிதான் சொல்லணும். படம் தப்பா வந்திருக்கு, நேர்ல வந்து சரி பாத்தாத்தான் எனக்கு மனசு ஆறும்னு போன தீபாவளிக்குச் சொன்னேன். அதுக்கப்புறம் வாயைத் திறக்க முடியுமா இவனால? டிக்கெட் வந்துருச்சு."

பிரபு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "எனக்கும் தெரியும் சார். நீங்களா சொல்ற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு டாக்ஸியிலயே ஆர்டர்."

"சொல்லிட்டீக, சந்தோசம்" என்றார் ராஜாத்தி அம்மா. "கேட்டுலருந்து ஒவ்வொரு அடியா எண்ணிக்கிட்டே வந்தேன். ரொம்ப தூரம் நடக்க வச்சிட்டீக."

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. "எங்க சத்துணவு சென்டர்ல மூணு கார்த்திக் இருந்தானுக சார். பேரை மட்டும் பாத்து முட்டை குடுத்தா ஒருத்தனுக்கு ரெண்டு போயிரும், இன்னொருத்தன் வெறுஞ்சோறு திம்பான். அதனால அப்பன் பேரையும் சேத்துக் கேட்டுத்தான் குடுப்பேன். சின்ன விசயந்தான். உங்களுக்கு யாரும் சொல்லித்தரல போல."

5. மூன்று வரி

முதலில் இன்ஜினியர்ஸ் ஆறுமுகத்தின் சுவருக்குத்தான் போகச் சொன்னார். ஃபிரேமைக் கல்லின் அருகே பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தார். "ஒண்ணரை வருசமா இவருக்குத்தான் விளக்கு. இவருக்கு எந்த ஊரு?"

"தெரியலம்மா."

"விசாரிங்க. அவக வீட்டுல யாராவது படம் கேட்டு, நீங்க எங்க வீட்டுக்காரரை அனுப்பி வச்சிராதீக."

பிறகு அடுத்த சுவர். கல்லை நான் காட்ட வேண்டியிருக்கவில்லை. அவரே வரிசையாகப் பார்த்துக்கொண்டு போய் நின்றுவிட்டார். பிரபு மட்டும் நாலு அடி பின்னால் போய், போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹான், போலியே" என்று இந்தியில் யாரிடமோ பேசினார். போன் அடிக்கவும் இல்லை, அவர் எண்ணைத் தட்டவும் இல்லை என்பதைக் கவனித்தேன். இந்த மாதிரி விஷயங்களைக் கவனிப்பதற்குத்தான் எனக்கு இத்தனை வருடம் சம்பளம் கொடுத்தார்கள்.

"பிரபு, இங்க வா. வாசிச்சுச் சொல்லு. நான் கண்ணாடி கொண்டாரல."

கண்ணாடிக் கூடு அவர் பையில் இருந்தது. சோதனையில் நானே பார்த்தேன்.

பிரபு வந்தார். அப்பா இறந்தபோது அவருக்கு மூன்று வயது என்று பிறகு சொன்னார். பள்ளியிலும் வங்கியிலும் படிவங்களில் அந்தப் பெயரை எத்தனையோ முறை எழுதியிருப்பார். கல்லின் முன் குனிந்து ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல."

"நாயக்" என்றார். கொஞ்சம் நிறுத்தினார். "ஆறுமுகம்."

"அப்புறம்? அதுக்குக் கீழ?"

"சிக்னல்ஸ்மா." குரல் இப்போது நன்றாகவே கேட்டது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பிரபு அவர்களைக் கவனிக்கவில்லை. கையை நீட்டி, அந்த மூன்றாவது வரியில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ராஜாத்தி அம்மா அவசரப்படுத்தவில்லை. நானும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"சரியா இருக்கு" என்றார் அந்த அம்மா கடைசியில். "இப்ப நீ படம் எடு."

"கொஞ்சம் இடது பக்கம் சாஞ்சு எடுங்க, வெயில் அடிக்குது" என்றேன் நான்.

"நீங்க சும்மா இருங்க சார். நீங்க எடுத்த லட்சணத்தைத்தான் பாத்தோமே" என்றார் ராஜாத்தி அம்மா.

பிரபு பதினோரு படம் எடுத்தார். ஏழு வெளுத்துப் போயிருந்தன. நாலு நன்றாக வந்தன. நான் அனுப்பிய பழைய படத்தை அந்த அம்மாவிடமிருந்து வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். தரவில்லை. துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தார். "இது இருக்கட்டும். பக்கத்துல இன்னொரு ஆணி அடிச்சுக்கிறேன்."

பீரோவுக்கு வந்து சீஃபிடம் நடந்ததைச் சொன்னேன். "இது ஸ்டோரிதான்யா, எழுது" என்றார். அப்போது எழுதவில்லை. ஓய்வு பெற்ற பிறகு இப்போதுதான் எழுதுகிறேன்.

பெயர் டூட்டியை நான் விட்டுவிடவில்லை. இப்போதும் மாதம் ஒருமுறை மெட்ரோ ஏறிப் போகிறேன். இன்ஜினியர்ஸ் ஆறுமுகத்தின் ஊரைக் கண்டுபிடித்துவிட்டேன். அவர் தம்பிக்குப் படம் போய்ச் சேர்ந்தது. இளம் நிருபர்களுக்கு இதில் சொல்ல இருப்பது ஒன்றுதான்: தேடியது கண்ணில் பட்டதும் தேடுவதை நிறுத்தாதீர்கள். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தையும் திறந்து பாருங்கள்.

காமிராவை எடுக்கும் முன் கல்லின் மூன்று வரியையும் வாய்விட்டுப் படிக்கிறேன். போன மாதம் பீரோவில் புதிதாகச் சேர்ந்த பெண் நிருபர் ஒருவர் என்னோடு வந்திருந்தார். "எதுக்கு சார் சத்தமா படிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"ஒருத்தருக்கு ரெண்டு முட்டை போயிரக் கூடாதும்மா" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அவரும் அடுத்த கல்லை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.