பன்னிரண்டாவது நட்சத்திரம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் போனில் பேசினாலும் முழுசாகக் கேட்காமலே 'ம்' கொட்டிவிடுவேன். போன வாரம் அந்த 'ம்' என்னைப் புதுச்சேரி நெல்லித்தோப்பில் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

அங்கே கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடை வைத்திருப்பவர் ரெஜினா; கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார். கோயில் கொடிக்கான மாதா டிசைன் மெஷினில் ஏறவில்லை, வந்து பாருங்கள் என்று போனில் சொன்னார். பேப்பர் படித்தபடியே 'ம்' என்றேன். இரண்டு நாள் கழித்து, சாவகாசமாகப் போய் நின்றால்... கொடியேற்றம் மறுநாள் சாயங்காலமாம்! அதையும் போனிலேயே சொன்னாராம். நான் 'ம்' என்றேனாம்.

நீல சாட்டின் துணி தயார். ஒரே ஒரு துண்டு. டிசைன் ரெஜினாவின் லேப்டாப்பில் இருக்கிறது. மெஷினை ஓட்டும் கம்ப்யூட்டரோ அரதப் பழசு. பென் டிரைவ் செருக இடமில்லை, பிளாப்பி டிரைவ் எப்போதோ செத்துவிட்டது. பின்னால் ஒரு சீரியல் போர்ட் மட்டும் உயிரோடு இருந்தது. போதாதா? கேபிளை மாட்டி அப்படியே அனுப்பினேன். போயாச்சு, துணியைப் போடுங்கள் என்றேன் கெத்தாக.

ரெஜினா நம்பவில்லை. கழிவுத் துணியில் ஓட்டினார். நல்லவேளை! மாதாவின் தலையைச் சுற்றிப் பதினொரு நட்சத்திரம். பன்னிரண்டாவது... மூக்கின் மேல்.

"இது சாட்டின்ல விழுந்திருந்தா ஃபாதர் முகத்துல நான் எப்படி சார் முழிப்பேன்?"

லேப்டாப் கொட்டிய வேகத்தில் பழசு நடுநடுவே தவறவிட்டிருக்கிறது. வந்ததா என்று அனுப்பியது கேட்கவில்லை, வரவில்லை என்று வாங்கியதும் சொல்லவில்லை.

பழசைக் குடைந்தேன். அட! ஃபைல் அனுப்புவதற்கென்றே அந்தக் காலத்தில் எழுதிய சாஃப்ட்வேர் ஒன்று உள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தது. அதன் ஜோடியை லேப்டாப்பில் இலவசமாக இறக்கினேன். கம்பெனி வேறு, வயது வேறு — ஆனால் இரண்டுக்கும் பேச்சு ஒன்று. இதைத்தான் புரோட்டோகால் என்கிறார்கள். லேப்டாப் ஃபைலைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் உள்ளே இருப்பதன் கூட்டுத்தொகையை எழுதி அனுப்பும். பழசு தானும் கூட்டிப் பார்க்கும். சரியாக இருந்தால் 'வந்துச்சு'. இல்லையென்றால் 'மறுபடி அனுப்பு'. பதில் வராமல் அடுத்த பொட்டலம் கிளம்பவே கிளம்பாது!

ரெஜினா சட்டென்று பிடித்துக்கொண்டார். "எங்க கோயில்ல மன்றாட்டு மாலை சொல்ற மாதிரி. நாங்க பதில் சொன்னாதான் அடுத்தது படிப்பாங்க."

இது எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்?

திரையில் எண்கள் ஏறின. இருபத்திரண்டாவது பொட்டலத்தில் தடங்கல். பழசு மறுபடி கேட்டது, லேப்டாப் மறுபடி கொடுத்தது. நான் உட்காரவே இல்லை. கழிவுத் துணியில் ஓட்டி இருவரும் எண்ணினோம். பன்னிரண்டு! அப்புறம்தான் சாட்டின். ஊசி கடைசி நட்சத்திரத்தை முடித்ததும் குனிந்து பார்த்தோம். மாதாவின் மூக்கு சுத்தமாக இருந்தது. சாரம் பகுதியில் இருக்கும் என் வீடு வரை பாடிக்கொண்டே போகலாம் போல அப்படியொரு சந்தோஷம்.

யோசித்துப் பாருங்கள்... வீட்டில், ஆபீஸில், போனில் நாள் முழுக்க எதையாவது அனுப்பிக்கொண்டே இருக்கிறோம். போய்ச் சேர்ந்ததா என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

வாசல் வரை வந்த ரெஜினா, நாளைக்கு அஞ்சரை மணிக்குக் கொடியேற்றம், வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு வரவேண்டும் என்றார். ஹெல்மெட்டை மாட்டியபடி 'ம்' என்றேன்.

"'ம்'மெல்லாம் வேணாம் சார். என்ன சொன்னேன்னு திருப்பிச் சொல்லுங்க."

"நாளைக்கு. அஞ்சரை மணி. கோயிலு. சம்சாரத்தோட."

"வந்துச்சு. கிளம்புங்க."