பஸ் வந்தால் காப்பி

பூப்பந்தில் எங்கள் ஜோடிக்கு ஒரு வழக்கம் இருந்தது. எதிர் அணி பஸ்ஸைவிட்டு இறங்கும்போது ஆளுக்கு ஒரு டம்ளர் கடுங்காப்பி. அவர்கள் முகம் கழுவி, பேட்டை உருவி, மைதானத்துக்கு வருவதற்குள் காப்பி உடம்பில் இறங்கிவிடும். கால் தானாக ஓடும். கண்டுபிடிப்பு என்னுடையது. நூலகத்தில் கைக்கு அகப்பட்டதையெல்லாம் படிக்கிறவள் நான். கஃபீன் என்ற சொல்லைக் கள்ளக்குறிச்சியில் முதன்முதலில் உச்சரித்தது நான்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

என்னோடு ஆடியது பெரியம்மா மகள், என் அக்கா. காப்பி பெரியம்மாவுடையது. கல்வராயன் மலையிலிருந்து கச்சிராயபாளையம் சந்தைக்கு வரும் கொட்டையை வாங்கி, வறுத்து, இடித்து, வெல்லம் போட்டுத் தூக்குவாளியில் கொண்டுவருவார்.

அந்த வருடம் மாவட்ட அணித் தேர்வுக்கு ஒரே ஆட்டம் பாக்கி. உளுந்தூர்பேட்டை ஜோடியை ஜெயித்தால் போகலாம். எனக்கு அடுத்த வருடமும் உண்டு. அக்காவுக்கு இல்லை, வயது வரம்பு தாண்டிவிடும்.

ஆட்டத்தன்று இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். மதியத்துக்குள் விட்டுவிடுவார்கள் என்று யாரோ சொன்னதால் ஆட்டத்தைத் தள்ளிவைக்கவில்லை. பெரியம்மா மகன், எங்கள் அண்ணன், இருட்டோடு வீட்டுக் கோடாலியை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போயிருந்தான்.

பெரிய சாலை அடைபட்டாலும் கிராமங்களைச் சுற்றிக்கொண்டு எப்போதாவது ஒரு டவுன் பஸ் வந்தது. உளுந்தூர்பேட்டைக்காரர்கள் எதில் வருவார்களோ, யாருக்குத் தெரியும்?

“பஸ் வந்துடுச்சுடி! குடிங்க, குடிங்க” என்றார் பெரியம்மா.

குடித்தோம். இறங்கியது ஒரு பெரியவரும் இரண்டு கோழிகளும்.

“இன்னாடி, இந்தக் கோழிங்களோடதான் ஆடப்போறமா?” என்றாள் அக்கா.

அடுத்த பஸ் வந்தது. மறுபடியும் காப்பி. அதற்கடுத்ததற்கும். வழக்கத்தை விட்டால் தோற்றுவிடுவோம் என்று எங்கள் மூவருக்குமே பயம். வாளி தீர, பெரியம்மா வீட்டுக்கு ஓடிப்போய் இன்னொரு வாளி போட்டுக்கொண்டு வந்தார். மதியத்துக்குள் என் நெஞ்சு தையல் மெஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

பி.டி. சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இதுக்கு மேல இன்னாத்துக்கும்மா காத்துக்கினு? வாக் ஓவர் எழுதிடறேன். நீங்க ஜெயிச்சாச்சு.”

எனக்குக் குதிக்கத் தோன்றியது. அக்கா பேட்டின் நரம்புகளைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

“வேணாம் சார். எங்க வூட்டுக் கோடாலிதான் மரத்த வெட்டிப் போட்டிருக்குது. அது ஜெயிச்சுக் குடுத்து நான் போறதா? வரட்டும் சார்.”

“இருட்டிடுச்சுன்னா?”

“அதுவரைக்கும் இருக்கேன் சார்.”

வெயில் தணிகிற நேரத்தில் அவர்கள் வந்தார்கள். பாதி தூரம் நடை, மீதிக்குக் கரும்பு வண்டி. செருப்பைக் கையில் பிடித்திருந்தார்கள். பெரியம்மா அவர்களைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். “வாங்க கண்ணு, உக்காருங்க” என்று மீதியிருந்ததை இரண்டு டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டார். அவர்களுக்கு ஆளுக்கு ஒரே டம்ளர், அதுவும் சரியான நேரத்தில். என் கண்டுபிடிப்பு சரிதான் என்று நிரூபித்தவர்கள் அவர்கள்தான்.

எங்கள் பக்கம் அக்கா சர்வீஸ் போடக் கையைத் தாழ்த்தினாள். மஞ்சள் கம்பளிப் பந்து அவள் விரல்களுக்கிடையில் கோழிக்குஞ்சாக நடுங்கியது. நேராக வலையில் போய் விழுந்தது. மறுமுறையும் அப்படியே. நான் அதற்கு நேர்மாறு. பந்து வருமுன்பே அடித்துக் காற்றைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

முதல் ஆட்டம் போயிற்று. இரண்டாவதில், அவள் சர்வீஸுக்கு முன் ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துவிட்டு வந்தேன். “உன் கையே ஆடுதுடி, நீ எங்க புடிக்கிற” என்று சிரித்தாள். ஆனாலும் பந்து வலையைத் தாண்டியது. அந்த ஆட்டம் எங்களுக்கு. மூன்றாவதில் கடைசிவரை ஒட்டிக்கொண்டே போனோம். முடிவில் அவள் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே, ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது. சுண்ணாம்பு கலையவில்லை. அக்காவே போய்க் குனிந்து பார்த்து, “வெளியதான் சார்” என்றாள்.

கை குலுக்கும்போது எதிர் ஜோடியில் ஒருத்தி, அக்காவின் கையை விடாமல் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

“இன்னாக்கா, இப்பிடி நடுங்குது?”

“காப்பிடி. பயம்னு நெனச்சுக்காத.”

“நெனைக்கல. நீங்க வேணாம்னு சொன்னத சார் சொன்னாரு.”

நடுக்கம் நிற்கும்வரை அவள் அப்படியே நின்றாள். நேரமானது. அக்காவும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தலையை மட்டும் அந்தப் பக்கம் திருப்பி, காலி மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மறியல் விட்டு, பெரிய சாலை வழியாக உளுந்தூர்பேட்டைப் பக்கமிருந்து முதல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. பெரியம்மாவின் கை பழக்கத்தில் காலி வாளியின் மூடிக்குப் போயிற்று.

“எம்மா! போதும்மா!” என்று கத்தினாள் அக்கா. அழுகையும் சிரிப்புமாக வந்தது அந்தச் சத்தம். நாங்கள் நான்கு பேரும் கோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தோம்.