ஆறாவது வளைவு

என் மாமாவின் ஒன்பது மா நிலம், மூன்று ஏக்கர், கைவிட்டுப் போனதற்கு மழை காரணமில்லை, மேட்டூர் காரணமில்லை, அரசாங்கமும் காரணமில்லை. கார் ரேஸ். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தக் காரை ஓட்டியவன் எவனும் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. எல்லாம் செய்தது நான்தான், என் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்துகொண்டு.

கடை தாலுகா ஆபீசுக்கு எதிரே இருந்தது. கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். சிட்டா, அடங்கல், பட்டா, புலப்படம் என்று நிலத்தைப் பற்றிய எந்தத் தாளும் என் மெஷின் கண்ணாடியில் ஒரு தடவை படுக்காமல் அந்த ஆபீசுக்குள் போகாது. வாரத்தில் ஆறு நாள் அந்தப் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, டிவியை மேஜைமேல் தூக்கி வைத்து, சாயங்காலம் ஐந்தரைக்கு மூன்று பேர் ரேஸ் பார்க்க உட்காருவோம்.

மற்ற இரண்டு பேரில் ஒருவர் பாய். நாகூர்க்காரர். பஹ்ரைனில் பதினோரு வருஷம் தார் போடும் வேலை பார்த்தவர், அங்கே பாலைவனத்து ரேஸ் தடத்துக்கும் தார் போட்டிருக்கிறார். காரின் சத்தத்தை நேரில் கேட்டவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ஊர் திரும்பி எங்கள் கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருந்தார். மற்றவர் சர்வேயர், லைசென்ஸ் வாங்கித் தனியாக நிலம் அளந்து கொடுப்பவர். வளைவைப் பார்த்தாலே இத்தனை டிகிரி என்பார். யார் சரிபார்க்கப் போகிறார்கள்?

ஒவ்வொரு வருஷமும் சீசன் பட்டியல் வந்ததும் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுவேன். எந்த ஊர்த் தடம் இருக்க வேண்டும், எதைத் தூக்க வேண்டும் என்று அடித்துக்கொள்வோம். பெல்ஜியம் காட்டுக்குள் போகும் தடத்தில் கை வைத்தால் மூவருக்கும் கோபம் வரும். அபுதாபியை பாய் பேனாவால் அடித்துவிடுவார்.

"அதெல்லாம் ரோடா தம்பி? ரெண்டு பக்கமும் ஏக்கர் கணக்குல தார் போட்டு வெச்சிருக்கான். ஒருத்தன் தப்புப் பண்ணினா அப்படியே சுத்தி வந்து மறுபடி ஓட்டுறான். தப்புப் பண்ணினவன் அந்த எடத்துலயே நிக்கணும். அதுதான் தடம்."

"அப்படிப் பாத்தா மொனாக்கோ ஒண்ணுதான்யா தேறும்" என்பார் சர்வேயர். "கொஞ்சம் அசந்தா சுவருல சொருவிடும்."

இது நடந்ததற்கு முந்தின வருஷம்தான் பட்டியலில் நம் நாட்டின் பேரும் ஏறியிருந்தது. டெல்லிப் பக்கம் புதுத் தடம். அன்று கேசரி வாங்கிக் கொண்டாடினோம். அது முன்னால் என்னவாக இருந்த இடம் என்று சர்வேயர் கேட்டார். தொழில் புத்தி. வயலாகத்தான் இருந்திருக்கும் என்றார் பாய். அதற்குமேல் யாரும் அதைப் பேசவில்லை. கேசரி நன்றாக இருந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் வேறொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மண்ணுக்கடியிலிருந்து மீத்தேன் எடுக்கப் போகிறார்கள், குழாய் பதிக்கப் போகிறார்கள், வயல் எல்லாம் போகப் போகிறது என்று. முந்தின ஆட்சி கையெழுத்துப் போட்டது என்று இவர்கள் மேடை போட்டார்கள். ரத்து செய்வதுதானே என்று அவர்கள் மேடை போட்டார்கள். யார் நிலம் போகிறது என்று மட்டும் எந்த மேடையிலும் சொல்லவில்லை. தெரியாத ஜீப் ஒன்று வரப்போரம் நின்றால் போதும், ஊரே கூடிவிடும். என் கடைக்கு வருகிறவர்கள் குரலைத் தாழ்த்தி, "ஆபீசுல ஏதும் பேசிக்கிறாங்களா தம்பி?" என்று கேட்பார்கள். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் தெரிந்தவன் மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்துவைப்பேன். அந்தச் சிரிப்புக்கு இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்.

மே மாதம், மொனாக்கோ ரேஸ் நடந்த ஞாயிறு. மழை வரும் வரும் என்று பார்த்துப் பார்த்து ரேஸ் சப்பென்று முடிந்தது. முந்துகிறவன் ஒருவனும் இல்லை. கடுப்பில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது: தமிழ்நாட்டுக்கு ஒரு ரேஸ் கொடுத்தால் எங்கே வைப்பது?

சர்வேயர் கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றி என்றார். "குறுக்கே டவுன் பஸ் வரும், டிரைவர் ஹாரன் அடிச்சே முந்திடுவான்" என்றார் பாய். விழுந்து விழுந்து சிரித்தோம். நான் விளையாட்டாக என் சொந்த ஊரின் புலப்படங்களை எடுத்தேன். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எல்லை போட்டு அரசாங்கம் வரைந்து வைத்திருக்கும் படங்கள் அவை. நாலைந்தை ஒட்டவைத்துப் பெரிய தாளில் நகலெடுத்து, சிவப்புப் பேனாவை சர்வேயரிடம் கொடுத்தேன்.

மனிதர் உட்கார்ந்தார் பாருங்கள், அப்படி ஒரு வரைவு! பெருமாள் கோயில் களத்தில் ஆரம்பம். அங்கிருந்து நேர்கோடு. வாய்க்கால் வளைகிற இடத்தில் தடமும் வளைந்தது. இரட்டைக் கோடு, நடுவே அகலம், வளைவுக்கு வளைவு எண், ஆங்கிலத்தில் குறிப்புகள். தொழில்காரன் கை, சும்மா வராது. ஆறாவது வளைவு எங்கே விழுகிறது என்று பார்த்தேன். என் மாமா வயல். ஒன்பது மாவையும் நடுவில் கிழித்துக்கொண்டு போயிற்று.

"மாமா கோவிச்சுக்குவாரு" என்றேன்.

"கார் போனப்புறம் நடவு நட்டுக்கட்டும்யா" என்றார் சர்வேயர். அதற்கும் சிரித்தோம்.

மாமா என் அம்மாவுக்கு அண்ணன். அந்த நிலம் சும்மா வந்ததில்லை. அவருடைய அப்பா அதில் குத்தகைக்காரர். விளைச்சலில் அளக்க வேண்டிய வாரத்தைக் குறைக்கச் சொல்லிக் கொடி பிடித்து, மிராசுதாரின் ஆள் அடித்து மண்டை உடைந்து, அந்தத் தழும்போடு செத்தவர். பிறகு மிராசுதார் வீட்டார் விற்றுவிட்டுப் பட்டணம் போனபோது, மாமா மாட்டை விற்று, அத்தையின் தாலிச் சங்கிலியை விற்று வாங்கிய நிலம். அந்த வரப்பில் செருப்பு போட்டு நடக்க மாட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. ஜமாபந்தி வாரம் வேறு. வருஷத்துக்கு ஒரு தடவை தாலுகா ஆபீசில் கணக்குப் பார்த்து மனு வாங்கும் நாட்கள். கடையில் நிற்க இடமில்லை. மாமா பட்டாவில் பேர் திருத்த மனு கொடுக்க வந்திருந்தார். நகல் எடுத்தேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: வீணான பெரிய தாள் எது கைக்குக் கிடைத்தாலும் அதில் வாடிக்கையாளரின் காகிதங்களைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுப்போம். கழிவுத்தாள் அடுக்கில் மேலாக இருந்ததை உருவினேன். பார்க்கவில்லை. மாமா காகிதங்களைப் பிரித்துச் சரிபார்க்கப் போனார். பின்னால் நாலு பேர் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"இங்க வேணாம் மாமா, கூட்டமா இருக்கு. வீட்டுல போய் பிரிச்சுப் பாத்துக்கங்க."

அவ்வளவுதான் நான் சொன்னது.

ஆவணியில் மாமா ஒரு சீப்பு பழமும் இனிப்புப் பொட்டலமுமாக வந்தார். கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்திருந்தார். நிலத்தை விற்றுவிட்டேன் என்றார்.

"என்ன மாமா சொல்றீங்க? எந்த நிலத்தை?"

"எனக்கு எத்தனை நிலம் இருக்கு?" குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கு நீ சுத்திக் குடுத்தியே, அந்தப் படம். நம்ம சர்வே நம்பரைப் பாத்தேன், குழாய்க் கோடு நடுவுல போவுது. வாய் விட்டுச் சொன்னா உன் பொழைப்புப் போயிடும்னுதானே தாளுல சுத்திக் குடுத்தே? நான் உங்க அத்தைகிட்டகூட மூச்சு விடலை மாப்ளே. புரோக்கரைப் புடிச்சு, கேட்ட வெலைக்குத் தள்ளிட்டேன். கவர்மெண்டு எடுத்தா இதுல பாதிகூட வராதுன்னாங்க. நீ மட்டும் காட்டலேன்னா நடுத்தெருவுல நின்னுருப்போம்டா."

என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அடிமாட்டு விலைக்குத் தள்ளியிருந்தார். பத்திரம் பதிவாகியிருந்தது.

ஐயோ, அது விளையாட்டு மாமா என்று அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அத்தனை நன்றியோடு பார்க்கிறவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை அதில்லை. பயம். கோழைத்தனம். வேறு பேர் எதற்கு?

பாயிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "இன்னிக்கே போய் சொல்லிடுங்க தம்பி. நாள் ஆக ஆக இது அழுகும்." சர்வேயர் தலையில் அடித்துக்கொண்டார். "சொல்லி என்னய்யா ஆவப் போவுது? வித்தது திரும்புமா? நிம்மதியாவாவது இருக்கட்டும் விடு." எனக்குத் தோதான பேச்சு எதுவோ அதைப் பிடித்துக்கொண்டேன்.

வாங்கியவர் ஓய்வுபெற்ற ஒரு ஹெட்மாஸ்டர். கும்பகோணத்தில் இருந்தார். அவருக்கு விவசாயம் தெரியாது. மாமாவிடமே குத்தகைக்கு விட்டார். விற்ற பணம் மாமா மகள் கல்யாணத்தில் கரைந்தது. அப்பா குத்தகைக்காரராக நின்ற வயலில் மாமா மறுபடி குத்தகைக்காரராக இறங்கினார். மண்ணை விட்டு இருக்க முடியாத மனிதர். இடையில் ஒரு வருஷம் தண்ணீர் வராமல் குறுவை போயிற்று. சம்பாவும் பாதிதான்.

கடைக்கு வரும்போதெல்லாம் கேட்பார்: "அளக்க எப்ப வர்றாங்க மாப்ளே?"

"தள்ளிப் போயிருக்கு மாமா."

"அந்த வாத்தியார் நல்ல மனுஷன்டா. போவப் போற நெலத்தை அவரு தலையில கட்டிட்டேன். குத்தகை நெல்லை அளக்கும்போது அவரு மொகத்தைப் பாக்க முடியலை."

தூக்கம் போய்விட்டது என்றார் ஒரு நாள். ஏமாற்றப்பட்டவர் இவர். ஏமாற்றிவிட்டோம் என்று தவித்தவரும் இவரே. நான் நகல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

டெல்லித் தடம் மூன்றே சீசன். நாலாவது வருஷப் பட்டியலில் இல்லை. நான் பிரிண்ட் எடுத்து ஒட்டியபோது பாய் விரலால் தேடிப் பார்த்துவிட்டு, "இத்தனை நெலத்தை எடுத்தது இதுக்குத்தானா?" என்றார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் டிவி வயரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அடுத்த வருஷம் ஹெட்மாஸ்டர் வயலில் போர்வெல் போட முடிவு செய்தார். பென்ஷன் பணம் முழுவதும் அதில். மாமாவுக்குப் பொறுக்கவில்லை. ஏற்கெனவே செய்த பாவம் போதும் என்று, பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கும்பகோணம் போய் அவர் முன்னால் விரித்திருக்கிறார். "ஐயா, தெரிஞ்சேதான் வித்தேன். மன்னிச்சிடுங்க. காசைக் கொட்டாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்.

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆங்கிலக் குறிப்புகளைப் படித்திருக்கிறார். இது குழாய்ப் பாதை இல்லையே, ஏதோ கார் ரேஸ் விடுகிற ரோடு மாதிரி யாரோ விளையாட்டுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாராம். இதெல்லாம் பின்னால் அவரே என்னிடம் சொன்னது. மாமா சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் ரேஸ். பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து மாமா உள்ளே வந்தார். கையில் அந்தத் தாள். நாலாக மடித்த இடங்களில் கிழிந்து, பசை டேப் ஒட்டியிருந்தது. எத்தனை தடவை பிரித்துப் பார்த்திருப்பார்! சர்வேயர் எழுந்து நின்றார். பாய் தன் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்.

திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமா உட்கார்ந்தார். டிவியைப் பார்த்தார். அங்கே ராத்திரி, விளக்கு வெளிச்சத்தில் கார்கள் சுற்றிச் சுற்றி வந்தன. இரண்டு மணி நேரம். கடைசிச் சுற்று முடிந்து, ஜெயித்தவன் கையை உயர்த்தி, பாட்டில் மூடியைத் திறந்து ஒருவர்மேல் ஒருவர் பீய்ச்சுகிற வரைக்கும் மாமா பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு அந்தத் தாளை என் மேஜைமேல் விரித்து, உள்ளங்கையால் மடிப்பை நீவினார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "இதுல நம்ம வயலு எங்க வருது மாப்ளே?"

விரலை வைத்துக் காட்டினேன். ஆறாவது வளைவு என்றேன்.