ஹமாமட்சுவில் ஒரு முற்பகல்

என் தம்பி குமரேசனை நான் ஏமாற்றினேன். குலதெய்வத்தின் முன்னால் வைத்து ஏமாற்றினேன். இதை முதலில் சொல்லாமல் அந்தப் பயணத்தைப் பற்றிச் சொன்னால், பொழுது போகாமல் கதை விடுகிற கிழவன் என்றுதான் என்னை நினைப்பீர்கள். நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். சகுனம், ஆவி, அருள்வாக்கு எதையும் நம்பியதில்லை. நம்பாததால்தான் அந்தக் காரியத்தைக் கொஞ்சமும் தயங்காமல் செய்ய முடிந்தது.

எங்கள் பக்கம் பெரிய காரியம் எதற்கும் சாமியிடம் பூ கேட்பார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெளியே தெரியாமல் இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே கிணற்றில் போட்டுவிட வேண்டும் என்பது எங்கள் கோயில் வழக்கம்.

குமரேசன் அப்போது டிப்ளமோ முடித்துவிட்டு, தறி இயந்திரம் செய்கிற ஒரு கம்பெனியில் இருந்தான். அவனைப் பயிற்சிக்கு ஜப்பானில் ஹமாமட்சு என்ற ஊருக்கு அனுப்பத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அங்கேயே வேலையும் கிடைக்கலாம் என்றார்கள். அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். அவன் போனால் நாமகிரிப்பேட்டையில் எங்கள் மஞ்சள் காட்டையும் அம்மாவையும் நான் பார்க்க வேண்டும், சேலத்து உத்தியோகத்தை விட வேண்டும். பூசாரிக்குப் பார்வை மங்கல், அதனால் பொட்டலம் மடிக்கிற வேலையை என்னிடம் கொடுத்தார். நான் இரண்டிலும் சிவப்பை வைத்தேன். குழந்தை எடுத்தது, நான் பிரித்துக் காட்டினேன், அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறு வாரமே குமரேசன் வேலையை விட்டுவிட்டுக் காட்டுக்கு மஞ்சள் நடப் போனான். அதற்குப் பிறகு ராசிபுரத்தில் ஒரு தறி ரிப்பேர் பட்டறை வைத்தான், சரோஜாவைக் கல்யாணம் செய்தான், பிள்ளைகளைப் படிக்க வைத்தான். இவ்வளவு காலத்தில் அந்தப் பேச்சை அவன் எடுத்ததே இல்லை.

என் மனைவி இறந்த பிறகு, அமெரிக்காவில் இருக்கும் என் மகள் வரச்சொல்லி வற்புறுத்திக்கொண்டே இருந்தாள். டோக்கியோவில் விமானம் மாறுகிற பயணச்சீட்டு இருப்பதைப் பார்த்ததும் எனக்கு அந்த யோசனை வந்தது. சித்தப்பாவுக்கும் சேர்த்துப் போடு, நடுவில் டோக்கியோவில் ஒரு ராத்திரி தங்கி மறுநாள் சாயங்காலம் கிளம்புகிற மாதிரி பார் என்றேன். காலையில் ரயில் ஏறினால் ஹமாமட்சுவை ஒரு மணி நேரமாவது அவன் கண்ணில் காட்டிவிடலாம், அங்கே வைத்து மன்னிப்புக் கேட்டுவிடலாம். அவன் கால் நடக்கும்போதே இது நடந்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

விசா வந்ததும் ஒரு காலை நேரத்தில் அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் காய்ந்த மஞ்சள் பரப்பிக் கிடந்தது. அதன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கைப்பேசியில் ரயில் நேரங்களைப் பார்த்து வாசித்தேன். இருப்பதிலேயே வேகமான வண்டியைச் சொன்னேன்.

"அது அங்க நிக்காதுங்கண்ணா" என்றான் குமரேசன், மஞ்சளைப் பொறுக்கிக்கொண்டே. "ஹமாமட்சுல நிக்காமப் போற வண்டி அது. அடுத்த வண்டியப் பாருங்க."

பார்த்தேன். நிற்காதுதான்.

"சீட்டு வலது பக்கம் சன்னலோரமா வாங்கிருங்க. பனி மூடுன அந்தப் பெரிய மலை அந்தப் பக்கம்தான் தெரியும். ஆனா நடுவுல ஒரே ஒரு எடத்துல, ஒரு நிமிசம்கூட இருக்காது, எடது பக்கமா வந்துட்டுப் போகும். முக்காவாசிப் பேருக்கு அது தெரியாது."

உள்ளேயிருந்து சரோஜா, "ஏனுங்க மாமா, வழிக்குப் புளிசாதம் கட்டித் தரட்டுங்களா? வண்டியில திங்க உடுவாங்களா?" என்று கேட்டாள்.

"திங்கலாம், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று அவனே பதில் சொன்னான். "எலையத்தான் கையிலயே வெச்சுக்கோணும். குப்பைத் தொட்டி தேடினாலும் கெடைக்காது."

"கேட்டுக்குங்க மாமா. பெங்களூருக்குப் போனாலே ரெண்டாம் நாள் ஊட்டு நெனப்பு வந்துரும், இவரு ஜப்பான் கதை சொல்றாரு" என்று சரோஜா சிரித்தாள்.

நானும் சிரித்தேன். டிவியில் பார்த்திருப்பான் என்று நினைத்தேன். அவனிடம் இருப்பது பட்டன் போன்தான், ஆனால் பேரன் பேத்திகள் காட்டியிருக்கலாம் இல்லையா? நான் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவன் நிறுத்தவில்லை. ரயில் நிலையத்துக்கு வடக்கே எந்தச் சந்தில் திரும்பினால் வெயில் படாமல் நடக்கலாம் என்றான். ஆற்றங்கரைப் பக்கம் குளிர்காலத்தில் அடிக்கிற காற்றைப் பற்றிச் சொன்னான், நம் ஊரில் ஆடிக்காற்றைப் பற்றிச் சொல்வது போல அலுப்போடு சொன்னான். டிவியில் பார்த்ததை யாரும் அலுத்துக்கொண்டு சொல்வதில்லை.

ஹமாமட்சுவில் போய்ச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்ததை அந்த வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

"குமரேசா, அன்னைக்கு ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புதான்டா வெச்சேன். நீ போகக் கூடாதுன்னு நான்தான் வெச்சேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். கோபமே இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"என்னங்கண்ணா பேசறீங்க? வெள்ளைதானே வந்துச்சு. நீங்கதானே பிரிச்சுக் காட்டினீங்க. சேலம் ஜங்ஷனுக்கு வந்து ரயிலேத்தி உட்டதும் நீங்கதான்."

"அப்புறம் எப்படா திரும்பி வந்தே?"

சொல்ல வாயெடுத்தான். மஞ்சள் பொறுக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. எதையோ எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிறவனைப் போலக் கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். "இங்கதானுங்களே இருக்கறேன்" என்றான். மறுபடியும் பொறுக்க ஆரம்பித்துவிட்டான்.

வயதானால் வருகிற மறதியாக இருக்கும் என்று டாக்டரிடம் காட்டினோம். அவனுக்கு ஒரு குறையும் இல்லை என்றார். என்னையே சோதித்துக்கொண்டேன்: ஒருவேளை நான்தான் தப்பாக நினைத்திருக்கிறேனோ, வெள்ளைதான் வந்ததோ? ஆனால் வெள்ளை வந்திருந்தால் இந்தப் பட்டறை யாருடையது, சரோஜா யார், அந்தப் பிள்ளைகள் யார்? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியதுதான் மிச்சம். மன்னிப்புக் கேட்டாயிற்று, கொடுக்கத்தான் ஆள் இல்லை. பயணத்தையாவது முடித்துவிடுவோம் என்று கிளம்பினோம்.

நம்பினால் நம்புங்கள், அந்த மண்ணில் கால் வைத்ததிலிருந்து அவனுக்கு எதுவுமே தெரியவில்லை. விமான நிலையத்தில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே நடந்தான். காலையில் ரயிலில் வலது பக்கச் சன்னலோரம் உட்கார வைத்தேன், மலை வந்ததும் குழந்தை மாதிரி பார்த்தான். கொஞ்ச தூரம் போனதும் நான் எழுந்து இடது பக்கம் பார்த்துக்கொண்டே நின்றேன். வந்தது. அவன் சொன்ன மாதிரியே ஒரு நிமிடம்கூட இல்லை. கூப்பிட்டேன், அவன் திரும்புவதற்குள் போய்விட்டது.

"நீதானடா சொன்னே, எடது பக்கம் வரும்னு."

"நானுங்களா? எப்போ?"

ஹமாமட்சுவில் இறங்கி நிலையத்தின் வடக்கு வாசலுக்கு வந்து நின்றோம். அவன் அந்தக் கட்டடங்களையும் சைக்கிளில் போகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே கேட்டான்.

"அண்ணா, ரெண்டுலயும் செவப்பா வெச்சீங்க?"

"ஆமாம் சாமி."

"இங்க இருந்திருப்பேன்" என்றான். அவ்வளவுதான். திட்டவில்லை, அழவும் இல்லை. எந்தச் சந்துக்குள்ளும் போக வேண்டாம், திரும்பிப் போய்விடலாம் என்றான்.

திரும்புகிற வண்டியில் உட்கார்ந்து, நிலையத்தில் வாங்கிய ஆரஞ்சை அவன் உரித்துக்கொண்டிருந்தான். வண்டி நகரத் தொடங்கியது. நான் சும்மா வெளியே பார்த்தேன். நடைமேடையில், சாம்பல் நிறக் கோட்டுப் போட்டு, வெங்காயத்தாள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பையைப் பிடித்தபடி குமரேசன் நின்றுகொண்டிருந்தான். ஜாடை ஒத்த யாரோ என்று சொல்ல மாட்டேன். இவனைவிடக் கொஞ்சம் சதைப்பற்றான முகம். உடம்பைச் சற்று இடப்பக்கம் சாய்த்து நிற்பது அப்பாவின் நிலை, எங்கள் குடும்பத்தில் அது அவனுக்கு மட்டும்தான் வந்தது. அவன் எங்கள் பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. பக்கத்தில் திரும்பினேன். என் தம்பி ஒரு சுளையை நீட்டி, "புளிக்குதுங்கண்ணா" என்றான். மறுபடி வெளியே பார்ப்பதற்குள் நடைமேடை முடிந்துவிட்டது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, மகளிடம்கூட. அமெரிக்காவிலிருந்து திரும்பி, குமரேசனை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவன் பேச்சு குறைந்துவிட்டது. பட்டறைக்குப் போவதில்லை. முன்பெல்லாம் எப்போதாவது ஒரு ஓரத்தில் உட்கார்ந்து தனக்குத்தானே லேசாகச் சிரித்துக்கொள்வானாம், அதுவும் நின்றுவிட்டதாம். போன வாரம் பார்க்கப் போயிருந்தபோது சரோஜா காப்பியை என் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே கேட்காத குரலில் சொன்னாள்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. எனக்கு என்னமோ, அவரை அங்கயே உட்டுட்டு வேற ஆரையோ கூட்டியாந்த மாதிரி இருக்குதுங்க."