தார் வாளிக்காரி

எல்பா ஒயார்சோ எவனுக்கும் பயந்ததில்லை. அர்ஜென்டினாவின் தென்கோடியில், ரியோ கிராந்தேயில் ஆட்டுப் பண்ணைகளை விட்டால் வேறு பிழைப்பே இல்லாத காலத்தில், ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் தார் வாளி தூக்கியவள். பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்று முணுமுணுத்த ஆண்களுக்கு நடுவே இருபது வருஷம் தாக்குப்பிடித்தாள். கத்தரிக்கும்போது ஆட்டின் தோலைக் கிழித்துவிட்டவன் தானே "மருந்து!" என்று கூவ வேண்டும். எல்பா ஓடிப்போய்க் காயத்தில் தார் பூசுவாள். கை தவறுவது குற்றமில்லை. கூவாமல் மறைத்தவனோடுதான் அன்று யாரும் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள்.

பிறகு கம்பளி விலை படுத்தது. அரசாங்கம் வரிச்சலுகை கொடுத்ததும், மேய்ச்சல் நிலத்தில் தொலைக்காட்சித் தொழிற்சாலைகள் எழும்பின. எல்பா பண்ணையைத் தலைமுழுகிவிட்டு நீல மேலங்கி மாட்டிக்கொண்டாள். பிழைப்புத் தேடி வடக்கேயிருந்து வந்த எனக்கு அவள் பக்கத்து இருக்கை.

உலகக் கோப்பை ஆட்டம் தொடங்குவதற்குள் தொலைக்காட்சிப் பெட்டிகள் கடைகளுக்குப் போயாக வேண்டுமென்று மேற்பார்வையாளர் பெர்த்தோலினி எங்கள் முன்னால் பலகைகளைக் கொண்டுவரும் ஓடுபட்டையின் வேகத்தைக் கூட்டினார். தலைநகரத்து ஆள், இந்த ஊர்க் காற்றில் தொப்பியைக்கூடப் பிடித்து வைக்கத் தெரியாது, எங்களை மட்டும் விரட்டத் தெரியும். மூன்றாம் நாள் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல் என் உள்ளங்கையைப் பொசுக்கியது. வேலை போய்விடுமோ என்று கையை மேலங்கிப் பைக்குள் ஒளித்தேன்.

எல்பா பார்த்துவிட்டாள். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முன்னால் மின்சுற்றுப் பலகைகள் குவிந்தன.

பெர்த்தோலினி ஓடிவந்தார். "என்னம்மா, தூக்கமா?"

"இவ கை வெந்துபோச்சு சார். மருந்து வேணும்."

"வேணும்னா அவ கேக்கட்டும்."

"அவ ஏன் கேக்கணும்? எங்க கொட்டகையில வெட்டு வாங்கின ஆடா கூவும்? வெட்டினவன்தான் கூவுவான். வேகத்தைக் கூட்டினது நீங்க. கூவுங்க."

"நாளையிலேர்ந்து வராதேன்னு எழுதிக் குடுத்துடுவேன்!"

"குடுங்க. கூவிட்டுக் குடுங்க."

நான் வெந்த கையை வெளியே எடுத்து, எல்லாரும் பார்க்க மேசைமேல் வைத்தேன். எதிரே ஒருத்தி கோலைக் கீழே வைத்தாள். அவளுக்கு அடுத்தவளும் வைத்தாள். கடைசியில் யாரோ பட்டையையே நிறுத்திவிட்டார்கள்.

பெர்த்தோலினி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தொண்டைக்குள்ளேயே சொன்னார்:

"மருந்து..."

"காதுல விழல சார்," என்றாள் எல்பா. "கொட்டகை பெருசு."