மார்ச் முப்பத்தொன்றில் முடிந்த கிணறு

"வேலை: குடிநீர்க் கிணறு, ஒன்று. ஆழம் முப்பத்தாறு அடி. கைப்பிடிச் சுவர், இராட்டினம் உள்பட. முடிந்தது 31-3-57."

எங்கள் வட்டார அலுவலகத்தின் வேலைப் பதிவேட்டில் இருந்த இந்த வரியை 1957 ஜூன் மாதத்தில் பென்சிலால் பிரதி எடுத்துக்கொண்டேன். அந்தத் தேதியில் ஆழம் பதின்மூன்று அடிதான். சுவர் இல்லை, இராட்டினம் இல்லை. தேதியும் சரியில்லை. அந்த முப்பத்தொன்று ஞாயிற்றுக்கிழமை, அலுவலகம் பூட்டியிருந்தது. இப்படி எழுதிவிடலாம் என்று யோசனை சொன்னவன் நான்.

ஓசூர் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. சானமாவுக் காட்டுக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியனாக இருந்தேன். ஊருக்கு ஒரே தண்ணீர், படிக்கிணறு. கோடையில் தண்ணீர் கீழே போகப் போகப் பெண்கள் கடைசிப் படிவரை இறங்கி, கணுக்கால் நனைய நின்று குடத்தை முக்குவார்கள். அந்தக் கால்களில்தான் நரம்புச் சிலந்தி இருந்தது. முதலில் ஒரு கொப்புளம். அது தண்ணீர் பட்டு உடைந்ததும் வெள்ளை நூல் போல ஒரு புழு தலை நீட்டும். அதைத் தீக்குச்சியில் சுற்றி, நாளுக்கு ஒரு விரற்கடை என்று இழுக்க வேண்டும். முழுதும் வர மூன்று வாரம், சிலருக்கு ஒரு மாதம். அவசரப்பட்டால் அறுந்துவிடும். அறுந்தால் கால் தொடைவரை வீங்கிக் காய்ச்சல் வரும்.

கிருஷ்ணகிரியிலிருந்து வந்த ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஒருவர் எனக்கு விளக்கினார். புண்ணோடு ஒருத்தி தண்ணீரில் நின்றால் புழுவின் குஞ்சு தண்ணீரில் கலக்கிறது. அதைக் குடித்தவருக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்துக் கொப்புளம் வருகிறது.

"இந்தக் கோடையில குடிச்சது அடுத்த கோடையில வெளியே வரும் சார். நடுவுல ஒண்ணும் தெரியாது, நல்லாத்தான் இருப்பாங்க. காலை நனைக்காம மேலே நின்னு கயித்துல இறைக்கிற கிணறு ஒண்ணு வந்துட்டா, ரெண்டு வருஷத்துல ஊரே சுத்தமாயிடும்."

அதுவரை துணியை நான்காக மடித்து வடிகட்டச் சொன்னார். வீட்டில் வடிகட்டினோம். பள்ளியிலும் ஒரு பானையும் துணியும் வைத்தேன். பிள்ளைகள் மணி அடித்ததும் படிக்கிணற்றுக்கு ஓடிக் கையால் அள்ளிக் குடித்தார்கள். வருகைப் பதிவேட்டில் 'கால்' என்று ஓரத்தில் குறிக்கத் தொடங்கினேன். பங்குனி, சித்திரைப் பக்கங்களில் அந்தச் சொல் வரிசையாக நிற்கும்.

கிணற்றுக்கு உத்தரவு முதல் முறை வந்தது 1956 ஜனவரி 20. பாதிச் செலவு அரசாங்கம், மீதி ஊர்க்காரர்களின் உழைப்பு. ஊரில் ஒரு கமிட்டி அமைந்தது. எழுதத் தெரிந்தவன் என்பதால் நான் செயலாளர். வட்டார ஓவர்சியர் சைக்கிளில் வந்து இடம் குறித்தார். சேலம் பக்கத்துக்காரர், வெடுக்கென்று பேசுவார், கெட்டவர் அல்ல. தோண்ட வந்த மேஸ்திரி தெலுங்கு பேசுகிறவர். பத்தடி செம்மண்ணை எடுத்ததும் தண்ணீர் சுரந்தது. கீழே பாறை இருந்தது. மாடு பூட்டிய கபிலை இரண்டு வைத்து இறைத்தும் குழி வற்றவில்லை.

"ஐப்பசி கார்த்திகை மழை பூமில நிக்குது சாமி. ஒரு பக்கம் இறைச்சா மறுபக்கம் ஊறுது" என்றார் மேஸ்திரி. "சித்திரைல கூப்புடு. தண்ணி தானா கீழ போவும், வெடிமருந்து வெச்சு பாறைய பொளந்து குடுக்கறன்."

"சித்திரைக்குப் பணம் இருக்காது மேஸ்திரி. மார்ச் முப்பத்தொண்ணோட சரி" என்றார் ஓவர்சியர்.

"எங்க போவுது?"

"எங்கயும் போகாது. செத்துடும்."

மேஸ்திரி சிரித்தார். "பணம் சாவுமா? நாங்க செத்தாக்கூட கடன் சாவறதில்லயே சாமி!"

ஆனால் செத்தது. ஏப்ரல் பிறந்ததும் ஓவர்சியர் வந்து, செய்த வேலைக்கு மட்டும் அளந்து எழுதிக்கொண்டு போனார். சித்திரையில் குழி வற்றி வெறுமனே கிடந்தது. தோண்டப் பணம் இல்லை. புரட்டாசி மழையில் பக்கங்கள் சரிந்து மூடிக்கொண்டன.

சென்னைப் பத்திரிகை எங்கள் ஊருக்கு ஒரு நாள் தாமதமாக வரும். பட்ஜெட் உரையை வரி விடாமல் படிக்கிற வழக்கம் எனக்கு உண்டு. பிப்ரவரி கடைசியில் டில்லியில் வாசிக்கிறார்கள். பிறகு ஒப்புதல், பிறகு மாநிலம், பிறகு ஜில்லா, பிறகு வட்டாரம். பெரிய தொகையாகப் புறப்படுவது படிப்படியாக இறங்கி எங்கள் ஊர்ப் பெயரோடு வந்து சேரும்போது தை பிறந்திருக்கும். அந்த ஆண்டுப் பணத்துக்கு மிச்ச ஆயுள் இரண்டரை மாதம். பாறைக்கு வெடி வைக்கிற பருவம் அந்தப் பணம் செத்த பிறகுதான் தொடங்குகிறது. ஐந்தாண்டுத் திட்டத்துக்கு ஐந்து வயது, அதற்குக் கொடுக்கிற பணத்துக்கு ஒரு வயது என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். பிறகு அதையே ஒரு மனுவாக எழுதினேன்.

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஏழு பக்கம். மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒரே முறையாகத் தொகை ஒதுக்க வேண்டும். ஒரு வேலைக்கென்று கொடுத்தது மார்ச் முப்பத்தொன்றில் மிஞ்சினால் அந்த வேலையிலேயே நிற்க வேண்டும். பாராளுமன்றம் ஆண்டுதோறும் கணக்குக் கேட்கட்டும், தவறு செய்தவனைத் தண்டிக்கட்டும். பாதி தோண்டிய குழியிலிருந்து பணத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். இவ்வளவுதான் சாரம். ஓவர்சியரிடம் படித்துக் காட்டினேன்.

"டில்லிக்கே பாடம் எடுக்கறீங்களா வாத்தியாரே?" என்றார். பிறகு யோசித்து, "மூணு வருஷத்துக்குக் குடுத்தா எங்காளுங்க மூணாவது வருஷ மார்ச்லதான் கடப்பாரையத் தொடுவாங்க. அதுக்கு என்ன எழுதியிருக்கீங்க?"

அந்தக் கேள்வியை நான் மனுவில் சேர்க்கவில்லை. 1956 நவம்பர் 5, ஓசூர் தபாலாபீசிலிருந்து டில்லி நிதியமைச்சகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதற்கான அட்டை மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. கையெழுத்து படிக்கும்படி இல்லை.

இரண்டாம் உத்தரவு 1957 ஜனவரி 11 அன்று வந்தது. சரிந்த மண்ணை அள்ளிப் பழைய பாறையைத் தொடவே பிப்ரவரி முடிந்துவிட்டது. மார்ச் மூன்றாம் வாரத்தில் பதின்மூன்று அடி, இடுப்பளவு தண்ணீர்.

அந்த மாதம் என் மனைவியின் இடது கணுக்காலில் சிலந்தி வந்திருந்தது. பதினெட்டு நாள் குச்சியில் சுற்றியிருந்தாள். மார்ச் 27 புதன்கிழமை காலை, அடுப்பை விட்டு எழும்போது பாவாடை விளிம்பில் குச்சி மாட்டி அறுந்தது. மாலைக்குள் முழங்கால் வரை சிவந்துவிட்டது. வேப்பிலை அரைத்துக் கட்டினேன். ஜுரத்தில் கிடந்தவள் எங்கள் மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மகளுக்கு அப்போது ஐந்து முடியவில்லை. அம்மா எழ முடியாததால் பக்கத்து வீட்டுப் பெண்களோடு சின்னச் செம்பை எடுத்துக்கொண்டு அவளே படிக்கிணற்றுக்குப் போய் வந்துகொண்டிருந்தாள்.

"அங்க போய் குடிக்கறாளாங்க?"

"குடிக்காதேன்னு சொல்லியிருக்கேன்."

"சொன்னா? நீங்க பள்ளிக்கூடத்துல நாப்பது பேருக்குச் சொல்றீங்க, எத்தன பேரு கேக்கறாங்க?" பிறகு சொன்னாள்: "கிணறு வந்துடும்னு மட்டும் சொல்லாதீங்க. போன வருஷமும் சொன்னீங்க."

மறுநாள் ஓவர்சியர் குழியை அளக்க வந்தார். பணம் இந்த முறையும் போகும், அவருக்கும் வருத்தம்தான். குழி மேட்டில் நின்று நான் கேட்டேன்: "முடிஞ்சிடுச்சுன்னு எழுதிட்டா என்ன?"

"என்னது?"

"பில் பாஸாயி பணம் கைக்கு வந்துடும். மணியக்காரர் வீட்டுப் பெட்டியில பூட்டி வெச்சிடலாம். சித்திரைல தோண்டலாம். ஒரு தம்பிடி வேற எதுக்கும் போகாது."

"என் வேலை போயிடும் வாத்தியாரே."

"இல்லாத கிணத்துக்குப் பணம் எடுத்தாத்தான் தப்பு. நாம தோண்டத்தானே போறோம்?"

அவர் சைக்கிள் மணியைத் துடைத்தார். "உங்க வீட்ல கால் எப்படி இருக்கு?" என்றார். நான் சொன்னேன். அளவுப் புத்தகத்தைத் திறந்து முப்பத்தாறு அடி என்று எழுதினார். கிணறு முடிந்தது, ஊர் திருப்தி அடைந்தது என்ற சான்றைக் கமிட்டிச் செயலாளராக நான் எழுதிக் கையெழுத்திட்டேன். என் எழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்றும் அழகாகவே வந்தது. சனிக்கிழமை பணம் கைக்கு வந்தது; பதிவேட்டில் ஆண்டின் கடைசித் தேதியைப் போட்டுக்கொண்டார்கள்.

ஏப்ரல் 15 திங்கட்கிழமை, சித்திரை பிறந்ததும் தோண்டத் தொடங்கினோம். மேஸ்திரி சொன்னது சொன்னபடி நடந்தது. தண்ணீர் இறங்கிக் கொடுத்தது, பாறை வெடித்தது. தினமும் மாலையில் கயிற்றை விட்டு அளந்து குறித்தேன். மே 8 அன்று இருபத்துநாலு அடி. மேற்குப் பக்க வெடிப்பில் ஈரம் தெரிந்தது. மேஸ்திரி அதில் உள்ளங்கையை வைத்து, "ஊத்து இங்கதான் சாமி. இன்னும் இருவது நாளு, அந்தே, அவ்ளோதான்" என்றார். அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தாள். அன்று எனக்கு முதலில் சோறு போட்டாள்.

மே 9 வியாழக்கிழமை, புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி ஒருவர், முடிந்த கிணறுகளைப் பார்வையிட ஜீப்பில் வந்தார். பட்டியலில் எங்கள் ஊர் இருந்தது. குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது எந்தக் கிணறு?"

"குடிதண்ணிக் கிணறு சாமி" என்றார் உள்ளிருந்து மேஸ்திரி.

"அது மார்ச்லயே முடிஞ்சிருச்சே. முடிஞ்ச கிணத்துக்குள்ள எதுக்கு ஆளு?"

"முடிஞ்சிருந்தா நான் ஏன் சாமி உள்ள இருக்கறன்?"

ஆட்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. யோசனை என்னுடையது என்பதைத் தவிர நான் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியைத் திறந்து, செலவு போக மிச்சத்தை எண்ணிக் காட்டினோம். ஒரு ரூபாய் குறையவில்லை. இருபது நாள் கொடுங்கள் என்று கேட்டேன். கையைப் பிடித்துக் கேட்டேன். என் மனைவியின் காலைப் பற்றியும் சொன்னேன்; அதைச் சொன்னதற்கு இன்றும் கூச்சப்படுகிறேன்.

அவர் கையை உதறவில்லை. "நீங்க திருடலைன்னு தெரியுது சார். இருபது நாள்ல தண்ணி வந்துடும்னும் தெரியுது. ஆனா இந்தப் பணத்துக்கு ஏப்ரல் ஒண்ணுலேர்ந்து உயிர் கிடையாது. நான் பார்க்காம இருந்திருக்கணும். பார்த்துட்டேன்."

மிச்சப் பணம் மறுநாள் கஜானாவில் கட்டப்பட்டது. ஓவர்சியர் பதவி குறைக்கப்பட்டு வேறு தாலுகாவுக்குப் போனார். யோசனை யாருடையது என்று விசாரணையில் அவர் சொல்லவில்லை. மேஸ்திரி தன் ஆட்களோடு கிருஷ்ணகிரி அணை வேலைக்குப் போய்விட்டார். போகும்போது, "கடனுக்காவது தோண்டுவேன் சாமி, ஆனா மருந்துக்குக் காசு வேணுமே" என்றார். ஊரில் அவ்வளவு காசு இல்லை.

ஜூனில் வட்டார அலுவலகத்துக்கு நடந்தேன். அந்த ஆண்டு பொதுத் தேர்தல். டில்லியில் முழு பட்ஜெட்டே மே மாதத்தில்தான் வந்தது. ஆகவே புதிய பட்டியல் இன்னும் தயாராகவில்லை, சேர்த்துவிடலாம் என்று நம்பிப் போனேன். குமாஸ்தா பதிவேட்டைத் திறந்து காட்டினார்.

"உங்க ஊர்லதான் கிணறு இருக்கே."

"இல்லீங்க. அதுக்குத்தான் வந்தேன்."

"இருக்கே, இதோ."

"அது தப்பா எழுதினது. நானே சொல்றேன். அடிச்சிடுங்க."

"வருஷத்தை மூடியாச்சுங்க. மூடின வருஷத்து ஏட்ல கை வைக்கணும்னா சென்னைக்கு எழுதணும். அங்கேர்ந்து ஏன்னு கேப்பாங்க. யாரு பதில் சொல்றது, நீங்களா நானா?"

அப்போதுதான் அந்த வரியைப் பிரதி எடுத்தேன். கிணறு உள்ள கிராமம் என்பதால் அடுத்த பட்டியலில் எங்கள் ஊர் இல்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. ஆகஸ்ட் மழையில் குழி சரிந்தது. மேற்குப் பக்க வெடிப்பு மண்ணுக்குள் போயிற்று.

1958 ஏப்ரல் 22, செவ்வாய்க்கிழமை. மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த மனைவி என்னைக் கூப்பிடவில்லை. தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றதால் நானாகப் போய்ப் பார்த்தேன். குழந்தையின் வலது பாதத்தைக் கையில் ஏந்தியபடி உட்கார்ந்திருந்தாள். பெருவிரலுக்கு மேலே துவரம்பருப்பளவு கொப்புளம்.

"இது போன வருஷத்துத் தண்ணிதானேங்க?" என்றாள்.

"ஆமாம்."

"கிணறு தோண்டிக்கிட்டிருந்தப்பவா, நிறுத்தினதுக்கு அப்புறமா?"

அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. மே 9-க்கு முன் குடித்த தண்ணீர் என்றால், நான் பொய் எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் இது வந்திருக்கும். மே கடைசிக்குப் பிறகு குடித்தது என்றால், கிணறு முடிந்திருக்க வேண்டிய நாட்களில் குடித்தது; அந்த இருபது நாள் கிடைத்திருந்தால் இது வந்திருக்காது. நாட்குறிப்பை எடுத்துப் பின்னோக்கி எண்ணினேன். ஹெல்த் இன்ஸ்பெக்டருக்குக் கடிதம் எழுதிக் கேட்டேன். பத்து மாதமும் ஆகலாம், பதினான்கு மாதமும் ஆகலாம், அதற்கு மேல் யாராலும் சொல்ல முடியாது என்று பதில் எழுதினார். பத்து மாதம் என்றால் ஜூன். பன்னிரண்டு என்றால் ஏப்ரல், மேஸ்திரி பாறைக்கு வெடி வைத்துக்கொண்டிருந்த வாரம்.

குச்சியை நானே சுற்றினேன். இருபத்தாறு நாள். அறுபடவில்லை.

என் மகள் எந்த மாதத்தில் அந்தத் தண்ணீரைக் குடித்தாள் என்பது சரிபார்க்கப்படவில்லை.